ரத்தக்காட்டேரிக்குப் படைத்த ஞாயிற்றுக்கிழமை

கதை எழுதுகிறவர்களுக்கு ஓய்வு வயது என்று ஒன்று கிடையாது. என்னை ஓய்வு பெற வைத்தது என் வலது கைப் பெருவிரல். இத்தனை வருஷமும் கைப்பேசியிலேயே தொடர்கதை தட்டித் தட்டி, ஒரு நாள் காலையில் அது மடங்க மாட்டேன் என்று விறைத்துக்கொண்டு நின்றுவிட்டது. டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ன வேலை பார்க்கிறீங்கம்மா?” என்று கேட்டார். “காட்டேரி வளர்க்கிறேங்க” என்றேன். அதன் பிறகு அவர் பேசியதெல்லாம் என் கணவரிடம்தான்.

புதிதாகத் தொடர் எழுத வந்திருக்கும் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி நம் செயலிக் கம்பெனியில் கேட்டார்கள். ஒரு பகுதி எவ்வளவு நீளம், எங்கே வெட்டினால் படிக்கிறவர்கள் நகத்தைக் கடிப்பார்கள் என்பதையெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதில் நான் கை வைக்கவில்லை. கதையில் ஒருத்தன் செத்துப் போனால் அதற்குப் பிறகு என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ள வேண்டாம், இது சிரிப்பான கதைதான்.

என் கடைசிப் பெரிய தொடரின் நாயகன் கதிரவன். வயது முந்நூற்றுப் பதினேழு. பார்க்க இருபது மாதிரி இருப்பான். வெயில் பட்டால் சாம்பலாகிவிடுகிற ஒரு ரத்தக்காட்டேரிக்குப் போய்க் கதிரவன் என்று பெயர் வைத்தது என் கொழுப்பு. பொம்மிடிக்கு மேலே மலையடிவாரத்தில் தனியாகக் குடியிருந்தான். மனுஷ ரத்தம் தொட மாட்டான். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே கறிக்கடைக்குப் போய் ஆட்டு ரத்தம் வாங்கி வந்து, வெங்காயம் நிறையப் போட்டு ரத்தப் பொரியல் செய்து சாப்பிடுவான். வெளிநாட்டுக் காட்டேரிகளுக்குப் பூண்டு ஆகாதாம். பூண்டு தட்டிப் போடாத ரத்தப் பொரியலை நம் ஊரில் எந்தக் காட்டேரி சாப்பிடும்? அந்த விதியை முதல் பகுதியிலேயே அடித்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக நானே ஒரு விதி வைத்தேன். என் காட்டேரிக்குக் கண்ணீர் வராது. முந்நூறு வருஷத்தில் அவன் பார்த்துப் பழகிய ஒவ்வொருத்தரும் கிழடாகிச் செத்துப் போனார்கள், ஒருத்தருக்காகவும் அவனால் அழ முடியவில்லை. அழுதான் என்றால் அவனுக்குள் மனுஷன் திரும்பிவிடுவான், அப்புறம் அவனும் சாகலாம். காட்டேரிக் கதை என்றால் பல்லும் காதலும் என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் அதற்காக மட்டும் படிப்பதில்லை. ஒருத்தரை இழந்துவிட்டு நாளைக்கு எப்படிப் பல் தேய்ப்பது, எப்படிச் சோறு தின்பது என்று அவர்கள் யாரிடமும் கேட்க முடியாது. முந்நூறு வருஷமாக இழந்துகொண்டே இருக்கிறவனிடம் கேட்கலாம்.

கதையில் யாழினி என்று ஒரு பெண். பென்னாகரத்தில் படிக்கிறாள், கதிரவன் மேல் உயிர். அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மாயமில்லை, மந்திரமில்லை, கொசு கடித்து வருகிற சாதாரணக் காய்ச்சல். ‘உன்னையும் காட்டேரி ஆக்கிவிடுகிறேன், சாக மாட்டாய்’ என்றான் கதிரவன். ‘வேண்டாம்’ என்றாள். செத்துப் போனாள். அன்றைக்குத்தான் அவன் முதல் தடவையாக அழுதான். அழுதுகொண்டே ஒகேனக்கல் ரோட்டில் வெயிலுக்குள் நடந்து போய்ச் சாம்பலானான். அந்தப் பகுதியை எழுதி முடித்துவிட்டு நானும் முந்தானையில் மூக்கைச் சிந்தினேன். சாம்பாரில் உப்பு கூடிப்போனதற்கு என் கணவர் இதைத்தான் காரணமாகச் சொன்னார்.

கம்பெனியில் என் தொடர்களைக் கவனித்துக்கொண்ட பெண் மறுநாள் காலையிலேயே கூப்பிட்டாள். என் மகள் வயதுகூட இராது, பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். “மேடம், எல்லாரும் நம்மளத் திட்டித் தீர்க்கிறாங்க. கதிரவனை எழுப்பிடுங்க மேடம், ப்ளீஸ்” என்றாள்.

“எழுப்பாம? கவலைப்படாத பாப்பா” என்றேன். காட்டேரியை எழுப்புவதைப்போலச் சுலபமான வேலை நம் தொழிலில் வேறில்லை. சாம்பலில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தால் போதும். தக்காளி நறுக்குகிற யாராவது விரலை வெட்டிக்கொண்டால் கதை நடந்துவிடும். அப்படியே எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தானாக வெளியாகும்படி ஏற்றி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

இந்த இடத்தில் என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடத்தூரில் அவருக்கு பிளக்ஸ் அச்சடிக்கிற கடை. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் அவர்தான். நான் எழுதுவது அவருக்குத் தெரியும், ஆனால் ஒரு வரி படித்ததில்லை. “படிச்சா வூட்டுல சண்ட வரும், எதுக்கு வம்பு” என்பார். ‘மின்மினி’ என்கிற புனைபெயரில் எழுதியதால் ஊரில் வேறு யாருக்கும் நான்தான் அது என்று தெரியாது.

அந்த வாரம் பொம்மிடியிலிருந்து சில பெண் பிள்ளைகள் அவருடைய கைப்பேசிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி பிளக்ஸுக்கான வாசகமும் படமும் அனுப்பியிருக்கிறார்கள். படம் செயலியில் வந்த கதிரவன் படம். அசல் ஆள் மாதிரியே இருக்கும். பெயர் கதிரவன், ஊர் பொம்மிடி, வயது 317. கீழே, ‘ஆறாத் துயரில் இருட்டுக் குடும்பத்தார்’. என் வாசகர் கூட்டம் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அது.

என் கணவர் தொழிலில் கெட்டிக்காரர், பிழையோடு எதையும் அச்சடிக்க மாட்டார். பிள்ளைகள் துக்கத்தில் ஒரு எண்ணை அதிகமாகத் தட்டிவிட்டார்கள் என்று நினைத்து, கடைசியில் இருந்த 7-ஐ எடுத்துவிட்டு வயதை 31 ஆக்கினார். படத்தில் கண் சிவந்திருந்தது, கறுப்பாக்கினார். கோரைப்பல் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, செத்த பையனை இப்படிக் காட்டலாமா என்று பல்லை வரிசைப்படுத்தினார். வெளுத்துப் போயிருந்த முகத்துக்கு ரத்த ஓட்டம் கொடுத்தார். சுற்றிலும் மல்லிகை மாலை போட்டு, பிள்ளைகள் சொன்னபடி கடத்தூரில் ஒன்றும் பொம்மிடியில் ஒன்றும் கட்டிவிட்டு வந்து, “பாவம்மா, முப்பத்தோரு வயசுப் பையன். கல்யாணம்கூட ஆவல போல” என்று வருத்தத்தோடு சாப்பிட உட்கார்ந்தார்.

எனக்கு எதுவும் தெரியாது. நானும் உச்சுக்கொட்டிக்கொண்டே ரசம் ஊற்றினேன்.

மறுநாள் கடைக்கு எங்கள் வார்டு உறுப்பினர் வந்தார். சுற்றுவட்டாரத்தில் யார் காலமானாலும் அவர் பெயரில் ஒரு பிளக்ஸ் நிற்க வேண்டும், அதில் செத்தவரைவிட அவர் படம் பெரிதாக இருக்க வேண்டும்.

“கதிரவன் தம்பிக்கு நம்ம பேருலயும் ஒன்னு போடுங்க” என்றார். “நல்ல பையங்க. நம்ம ஆபீசுக்கு எத்தன தடவ வந்துருக்கான் தெரியுமா? அண்ணே அண்ணேன்னு உசுர வுடுவான்.”

“அப்படீங்களா? எந்த வூட்டுப் பையன்னு எனக்குத் தெரியலீங்க” என்றார் இவர்.

“இருட்டு வூட்டுக்காரங்க பையன்தாங்க. பெரிய குடும்பம்.”

அன்று மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போன நான், காய்ந்துகொண்டிருந்த வார்டு உறுப்பினரின் பிளக்ஸைப் பார்த்தேன். மூலையில் சின்னதாக என் கதிரவன், தலை வாரி, பல் திருத்தி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான். தூக்குவாளியைக் கீழே வைத்தேன். சிரிப்பு வந்த வேகத்தில் பேச முடியாமல் அங்கிருந்த பிளக்ஸ் சுருள் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் என் கணவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “காட்டேரிக்கா நான் பல்லக் கட்டுனேன்? வெளிய சொல்லிடாதம்மா, தொழில் கெட்டுப்போவும்!”

நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் உள்ளே வந்தாள். ஒல்லியாக, கல்லூரிப் பையோடு, அழுது வீங்கிய கண்ணோடு. அவள்தான் நிவேதா, பிளக்ஸுக்குச் சொன்னவள்.

“அண்ணா, எங்க கதிரவனுக்குப் பல்லக் காணோம்” என்றாள்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினேன். என் கணவர் கைகட்டி நின்றார். “தப்பாயிடுச்சு பாப்பா. வேற அடிச்சுத் தரேன். பல்லு எவ்வளவு நீளம் வேணுமோ சொல்லு.”

“ஞாயித்துக்கெழம எங்க வூட்டு மாடியில படையல் வெக்கிறோம். அதுக்குள்ள சரியான போட்டோ வேணும்ணா. அன்னிக்கித்தான் நல்ல ரத்தம் கெடைக்கும்.” இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் துளிச் சிரிப்பு இல்லை.

என் கதையில் செத்தவனுக்குப் படையல் போடுகிறார்கள் என்றால் நான் வீட்டில் உட்கார்ந்திருப்பேனா? ஞாயிற்றுக்கிழமை, பல் வைத்த புதுப் படத்தைத் தூக்கிக்கொண்டு கணவர் கிளம்பியபோது, பிளக்ஸ் கடைக்காரர் பெண்டாட்டியாக வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன். நான்தான் மின்மினி என்று வாயைத் திறக்கக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

பொம்மிடியில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வீடு. நிவேதாவின் அப்பா லாரி ஓட்டுகிறவர், அன்றைக்கு லோடு இல்லாமல் வீட்டில் இருந்தார். “மேல போங்க” என்று படியைக் காட்டினார். “அழுவறாளுங்களா சிரிக்கிறாளுங்களான்னு எனக்கு ஒன்னியும் புரியலீங்க. யாரு எழவுன்னு கேட்டா, உனக்குச் சொன்னா புரியாதுப்பாங்குறா.”

மொட்டை மாடியில் ஏழெட்டுப் பெண்கள். தலைவாழை இலை விரித்திருந்தார்கள். அதன் நடுவில் மலைபோல் ரத்தப் பொரியல், பூண்டு வாசனை தெருக்கோடி வரை. செத்தவர்களுக்குப் பிடித்ததை வைப்பதுதானே படையல்? அதில் அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு இலை வெறுமையாகக் கிடந்தது. அது யாழினிக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணவர் படத்தை மாட்டியதும் பல்லைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு ஒரு பெரிய வாக்குவாதம் கிளம்பியது. படையலைக் காக்கை எடுத்தால்தான் செத்தவர் மனசு நிறைந்தது என்று அர்த்தம். காட்டேரிக்குக் காக்கை வருமா?

“வவ்வால்தான் வரும்டி. இருட்டுற வரைக்கும் வெயிட் பண்ணணும்” என்றாள் ஒருத்தி.

“அவன் கடைசில மனுசனாத்தான செத்தான்? காக்காதான்” என்றாள் இன்னொருத்தி. அவள் கதையைக் கவனமாகப் படித்திருக்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த வாக்கியத்தில் பெருமை போயிற்று. “அந்த மின்மினி மட்டும் என் கைல கெடைக்கட்டும், அவளுக்கு வெக்கிறேன் படையல்.”

என் கணவர் இருமினார். நான் அவர் காலை மிதித்தேன்.

அந்த நேரம் பார்த்து வார்டு உறுப்பினர் ரோஜா மாலையோடு மூச்சு வாங்க மாடியேறி வந்தார். துக்க வீட்டை எப்படியோ விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டார். படத்தைக் கும்பிட நிமிர்ந்தவர் பல்லைப் பார்த்தார். மாலை கையிலேயே நின்றது. “தம்பிக்கு… இவ்ளோ பல்லு கெடையாதே” என்றார். பிள்ளைகள் விஷயத்தைச் சொன்னார்கள். அவர், “கதையா இருந்தா என்னாம்மா, நம்ம ஊருப் பையன்தான?” என்று மாலையைப் போட்டுவிட்டு, ரத்தப் பொரியலுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தார். அரசியலில் அவர் நிச்சயம் மேலே வருவார்.

அப்போது என் கைப்பேசி அடித்தது. கம்பெனிப் பெண். சத்தமில்லாமல் எடுக்கலாம் என்று தொட்டேன். என் பெருவிரல் அன்றைக்கே மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தது, ஒலிபெருக்கியை அழுத்திவிட்டது. மாடி முழுக்கக் கேட்கும்படி அவள் குரல் வந்தது: “மின்மினி மேடம்! நாலு மணிக்கு நம்ம கதிரவன் எழுந்துக்கிறான் இல்ல? கன்ஃபார்ம்தானே?”

“நான் ஒன்னியும் சொல்லலப்பா” என்றார் என் கணவர். பிறகு கிளம்பிய கூச்சல் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். என்னைக் கட்டிப் பிடித்தார்கள், கிள்ளினார்கள், ஒருத்தி என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அதே வேகத்தில் என் தோளில் அடித்தாள். எனக்குப் படையல் வைப்பதாகச் சொன்னவள் வெட்கத்தில் இன்னொருத்தி முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். “எழுந்துக்குறான்! கதிரவன் எழுந்துக்குறான்!” என்று குதித்தார்கள். வார்டு உறுப்பினரும் எழுந்து நின்று கைதட்டினார்.

நானும் குதிக்காத குறைதான். எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும் சொல்லுங்கள்? அப்போதுதான் நிவேதா அந்தக் கூட்டத்தில் இல்லை என்பதைப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு முட்டி வலி, அவள் கையைப் பிடித்துத்தான் உட்கார முடிந்தது.

“உனக்குச் சந்தோசம் இல்லியா சாமி?”

“அவன் வரக் கூடாதுங்க” என்றாள். “எங்கம்மா போன வருசம் செத்துட்டாங்க. எனக்குப் பப்ளிக் எக்ஸாம் நடந்துக்கிட்டிருந்துச்சு. மறுநா கெமிஸ்ட்ரி. அம்மாவ வூட்டுல படுக்க வெச்சுட்டு நான் போயி எழுதிட்டு வந்தேன். தைரியசாலின்னு எல்லாரும் சொன்னாங்க. ஸ்கூல்ல சால்வ போட்டாங்க. வர்றவங்க போறவங்கெல்லாம், நிவேதாவப் பாரு, ஒரு சொட்டுக் கண்ணீர் வுடலன்னு சொல்லிச் சொல்லி… அப்பறம் எப்படீங்க அழுவறது? அழுதா அவங்க சொன்னது பொய்யாயிடும்ல?”

என் முந்தானையை அவளிடம் நீட்டினேன்.

“கதிரவன் வெயில்ல போனப்பதான் எனக்கு அழுவ வந்துச்சு. மூணு நாளா நிக்கல. பெத்தவளுக்கு அழுவாதவ எவனோ காட்டேரிக்கு அழுவறான்னு அத்த திட்டுனாங்க. திட்டட்டும். எனக்கு நல்லா இருந்துச்சு.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இப்ப அவன் எழுந்து வந்துட்டா, எங்கம்மா மட்டும் ஏங்க வரல?”

பிள்ளைகளே, இந்தக் கேள்விக்கு உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் பதில் இருக்காது. ஒன்று மட்டும் எனக்கு அந்த நிமிஷம் உறைத்தது. அழகாயிருக்கிறான், எல்லோருக்கும் பிடித்தவன் என்பதற்காகக் கதிரவனுக்குச் சாவில் சலுகை கொடுத்தால், இந்தப் பெண்ணின் அம்மா அவ்வளவு முக்கியமில்லாதவள், அதனால்தான் செத்தே போனாள் என்று நான் சொன்ன மாதிரி ஆகிவிடும். மாடியில் ஏழு பேர் குதித்துக்கொண்டிருக்கிறார்கள், செயலியில் இன்னும் ஆயிரம் பேர் குதிக்கக் காத்திருக்கிறார்கள். தொட்டிக்குப் பின்னால் ஒருத்தி. தொழில் புத்தி ஒரு பக்கம் இழுத்தது. பாட்டரி தீர்ந்துவிட்டதாகப் பொய் சொல்லித் தப்பிக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

பிறகு கம்பெனிப் பெண்ணைக் கூப்பிட்டேன். “பாப்பா, நாலு மணிப் பகுதிய நிறுத்தும்மா.”

“மேடம்! என்ன மேடம் ஆச்சு? உங்களுக்கு உடம்பு சரியில்லையா?”

“எனக்கு ஒன்னும் இல்ல. அவன் செத்துட்டான், அதான் விசயம்.”

“காட்டேரி மேடம்! காட்டேரின்னா திரும்பி வருவாங்க மேடம்!”

“என் காட்டேரி வர மாட்டான். வேற எழுதி ராத்திரிக்குள்ள அனுப்பறேன். படிக்கிறவங்க போனாப் போவட்டும், திட்டு வந்தா என் பேருக்குத் திருப்பி வுடு.”

அவள் அந்தப் பக்கம் நீளமாகப் பெருமூச்சு விட்டாள். “நான் மட்டும் அவனுக்கு அழலைன்னு நினைச்சீங்களா மேடம்?” என்றாள். பகுதியை நிறுத்தியும் விட்டாள். இப்படி ஒரு ஆள் கம்பெனியில் இருந்தால் அவளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்ல மறக்காதீர்கள்.

மற்ற பெண்களிடம் நானே சொன்னேன். ஒரே ஒப்பாரி. ஒருத்தி நிஜமாகவே மாரில் அடித்துக்கொண்டாள், அடித்துவிட்டுச் சிரித்தாள். “அப்ப காக்காவக் கூப்புடுங்கடி, பொரியல் ஆறுது” என்றாள் வவ்வால் கட்சிக்காரி.

“இருங்கடி” என்று நிவேதா எழுந்து கீழே ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு சேமியா ஐஸ். அந்த வெறும் இலையில் அதை வைத்தாள். அப்போதுதான் அந்த இலை யாருக்கு என்று எனக்குப் புரிந்தது.

“அம்மா காரியத்துல வடையும் பாயசமும் வெச்சாங்க” என்றாள், யாரையும் பார்க்காமல். “அம்மாவுக்குப் பாயசமே புடிக்காது. என்னிய யாரும் கேக்கல.”

கூச்சல் அடங்கியது ஏன் என்று பார்க்க அவளுடைய அப்பா மேலே வந்தார். பல் வைத்த படத்தைப் பார்த்தார், வார்டு உறுப்பினரைப் பார்த்தார், எதற்கும் அவர் முகம் மாறவில்லை. இலையில் உருகிக்கொண்டிருந்த ஐஸைப் பார்த்தார். அப்படியே நின்றார்.

“ஒன்னு பத்தாதும்மா அவளுக்கு” என்றார்.

சொல்லிவிட்டுத் தடதடவென்று படியிறங்கிப் போய் வண்டியை உதைத்தார். சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்தது.

காக்கை வந்தது. ஒன்றே ஒன்று, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து இரண்டு இலையையும் பார்த்தது. ரத்தப் பொரியல் பக்கம் இரண்டு அடி நடந்தது. என்ன நினைத்ததோ, திரும்பி வந்து சேமியா ஐஸைக் குச்சியோடு கவ்விக்கொண்டு பறந்துவிட்டது. பாதி ஐஸ் வழியில் வார்டு உறுப்பினரின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

“குச்சியோட தூக்கிக்கிட்டுப் போயிருச்சு!” என்று நிவேதா கத்தினாள். “எங்கம்மா அப்படித்தான், குச்சியக்கூட வுட மாட்டாங்க!” வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் அம்மா, அம்மா என்று அழ ஆரம்பித்தாள். தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கதிரவனுக்காக இல்லை.

அன்றிரவு நான் எழுதிய பகுதியில் பெரிதாக ஒன்றும் நடக்காது. கதிரவனின் கூட்டாளிகள் கூடி உட்கார்ந்து ரத்தப் பொரியல் செய்கிறார்கள், அவன் செய்கிற மாதிரி வரவில்லை, பூண்டு கூடிப்போகிறது. அவ்வளவுதான். கொஞ்சம் பேர் என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள், இருந்தவர்கள் தங்கள் வீட்டில் செத்துப் போனவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று கீழே எழுதத் தொடங்கினார்கள். செத்தவர்களை எழுப்பவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. வேறொரு தொடரில் ஒருத்தியை நான் மூன்று தடவை எழுப்பியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் புதுப் புடவையோடு வந்தாள், யாருக்கும் கெடுதல் இல்லை. எழுப்பும் முன் தொட்டிக்குப் பின்னால் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மாடிக்கு வருகிறேன். நிவேதாவின் அப்பா ஒரு பை நிறையச் சேமியா ஐஸோடு திரும்பி வந்தார். நான்கை எடுத்து அந்த இலையில் வரிசையாக வைத்து, “இப்ப சரி” என்றார். மகள் அழுவதைப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். அழாதே என்று சொல்லவில்லை. மீதியை வார்டு உறுப்பினர் எல்லோருக்கும் பங்கு வைத்தார். நான்கு மணி ரயில் போனபோது நாங்கள் எல்லோரும் கை வழிய ஐஸ் தின்றுகொண்டிருந்தோம், நிவேதா அழுதுகொண்டிருந்தாள், அவளைத் தைரியசாலி என்று ஒருத்தரும் சொல்லவில்லை.